பழைய இனிஷியல், புதிய பெயர்: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் தயிர், மோர், புளிப்பு பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெயரைப் பற்றியவை. ஒரே பாக்டீரியாவுக்கு ஏன் மூன்று பெயர், டப்பாவில் ஒன்றும் புத்தகத்தில் இன்னொன்றும் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை முழுக்க லாக்டிக் அமில பாக்டீரியாக்களின் பெயர், இனம், உறவுமுறைதான்.

நான் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி இரண்டாம் ஆண்டு. ஊறுகாயிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவை ‘லாக்டோபேசிலஸ் பிளான்டாரம்’ என்று ஆய்வேட்டில் எழுதினேன். எங்கள் கைடு ‘லாக்டிபிளான்டிபேசிலஸ் பிளான்டாரம்’ என்று திருத்திவிட்டார். நூலகத்தில் இருக்கும் எல்லாப் புத்தகத்திலும் பழைய பெயர்தான். எது சரி? ஏன் மாற்றினார்கள்?
(மாணவி, திருச்சி)

இரண்டும் செல்லுபடியாகும் பெயர்கள்தான், முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். ஆனால் உங்கள் கைடு சொன்னபடியே எழுதுங்கள். முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் ‘முன்பு லாக்டோபேசிலஸ் பிளான்டாரம்’ என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால், பழைய கட்டுரைகளைத் தேடுகிறவருக்கும் உதவும்.

ஏன் மாற்றினார்கள் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பாக்டீரியாப் பெயரில் முதல் வார்த்தை பேரினம், இரண்டாவது அதற்குள் அடங்கும் சிற்றினம். லாக்டோபேசிலஸ் என்ற பேரினத்தை 1901-இல் ஹாலந்துக்காரரான பைஜரிங்க் ஏற்படுத்தினார். அப்போது ஒரு பாக்டீரியாவைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கையில் இருந்தது என்ன? நுண்ணோக்கியில் குச்சி மாதிரித் தெரிகிறதா, உருண்டையாகத் தெரிகிறதா, எந்தச் சூட்டில் வளர்கிறது, எந்தச் சர்க்கரையைப் புளிக்க வைக்கிறது, அவ்வளவுதான். 1919-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஓர்லா-யென்சன் இந்தக் குணங்களை எல்லாம் வரிசைப்படுத்தி, அதிகச் சூட்டில் வளர்பவை தெர்மோபாக்டீரியம், மிதமான சூட்டில் வளர்பவை ஸ்ட்ரெப்டோபாக்டீரியம், புளிக்கும்போது வாயுவும் விடுபவை பீட்டாபாக்டீரியம் என்று பிரித்தார். கையில் இருந்த கருவிகளை வைத்துக்கொண்டு அந்த மனிதர் செய்த வேலையை இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் மலைப்பாக இருக்கிறது. அந்தப் பெயர்கள் நிலைக்கவில்லை என்றாலும், அந்தப் பிரிவினை அறுபது எழுபது வருடம் பாடப்புத்தகங்களை நடத்திக்கொண்டு போனது.

சிக்கல் எங்கே வந்தது என்றால், குச்சி வடிவம், ஸ்போர் (ஓட்டுக்குள் உறங்கும் நிலை) கிடையாது, சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கும் என்ற மூன்று தகுதியும் இருந்துவிட்டால் போதும், புதிதாகக் கண்டுபிடிக்கும் ஒவ்வொன்றையும் லாக்டோபேசிலஸ் வீட்டுக்குள்ளேயே தள்ளிக்கொண்டு வந்தார்கள். 2020 மார்ச்சில் அந்த ஒரே பேரினத்துக்குள் 261 சிற்றினங்கள். 2015-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் இவற்றையும் இவற்றின் நெருங்கிய உறவுகளையும் சேர்த்து 213 முழு மரபுத்தொகுதிகளை, அதாவது ஒவ்வொன்றின் மொத்த டி.என்.ஏ.வையும், ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சிலவற்றின் டி.என்.ஏ. பன்னிரண்டு லட்சம் எழுத்து, சிலவற்றுக்கு நாற்பத்தொன்பது லட்சம். ஒரு பேரினத்துக்குள் இருக்க வேண்டிய வேறுபாட்டைத் தாண்டி, ஒரு முழுக் குடும்பத்துக்குள் இருப்பதைவிடவும் அதிக வேறுபாடு. அதைவிட முக்கியமான விஷயம், பீடியோகாக்கஸ் என்ற உருண்டை வடிவ பாக்டீரியாவைத் தனிப் பேரினமாக வைத்திருந்தார்களே, உறவுமரம் போட்டுப் பார்த்தால் அது லாக்டோபேசிலஸ் கிளைகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதாவது சில லாக்டோபேசிலஸ்களுக்கு, வேறு லாக்டோபேசிலஸ்களைவிட பீடியோகாக்கஸ்தான் நெருங்கிய சொந்தம். உருண்டையா குச்சியா என்பது உறவுக்குச் சாட்சி இல்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

2020 ஏப்ரலில் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, முழு மரபுத்தொகுதிகளை அடிப்படையாக வைத்து இந்த வீட்டைப் பாகம் பிரித்தார்கள். லாக்டோபேசிலஸ், ஏற்கெனவே இருந்த பாராலாக்டோபேசிலஸ், புதிதாக 23 என்று மொத்தம் 25 பேரினங்கள். பாகம் பிரிக்கும்போது பூர்வீக வீட்டுப் பெயர் யாருக்குப் போகும்? அதற்கு விதி இருக்கிறது. எந்தச் சிற்றினத்தை மாதிரியாக வைத்து அந்தப் பேரினம் தொடங்கியதோ, அதற்கும் அதன் நெருங்கிய உறவுகளுக்கும்தான் பழைய பெயர். லாக்டோபேசிலஸுக்கு அந்த மாதிரிச் சிற்றினம் டெல்புரூக்கி. அதனால் டெல்புரூக்கி, அசிடோஃபிலஸ், ஹெல்வெட்டிகஸ், காஸெரி, கிறிஸ்பாட்டஸ் போன்றவை லாக்டோபேசிலஸாகவே நீடிக்கின்றன. மற்றவை எல்லாம் தனிக்குடித்தனம்.

புதுப் பெயர்களைப் பொறுமையாகப் பிரித்துப் படித்தால் மிகவும் அழகானவை. பசை போன்ற பொருளைச் சுரப்பதால் லிமோசிலாக்டோபேசிலஸ், லத்தீனில் ‘லிமோசஸ்’ என்றால் வழுவழுப்பு. ஃபெர்மென்டமும் ரியூட்டெரியும் இதில் வரும். மனித, விலங்கு உடல்களோடு கட்டுண்டு வாழ்வதால் லிகிலாக்டோபேசிலஸ். மாவைப் பொங்க வைக்கும் குணத்தால் லெவிலாக்டோபேசிலஸ், பிரெவிஸ் இதில் அடக்கம். தேனீயோடு வாழ்பவை ஏபிலாக்டோபேசிலஸ், வண்டுத்தேனீயோடு வாழ்பவை பாம்பிலாக்டோபேசிலஸ். உங்கள் பிளான்டாரத்துக்குக் கிடைத்தது லாக்டிபிளான்டிபேசிலஸ், பாலும் செடியும் சேர்ந்த பெயர். ஊறுகாயில் கிடைத்ததற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?

இன்னொன்றையும் கவனித்தீர்களா? நாம் அதிகம் புழங்கும் பாக்டீரியாக்களின் புதுப் பேரினங்கள் எல்லாம் எல் எழுத்திலேயே தொடங்குகின்றன. தெரிந்தே அப்படி வைத்தார்கள். நம் ஊரில் பெயர் மாற்றிக்கொண்டாலும் இனிஷியலை மாற்றாமல் வைத்திருப்பது போல, ‘எல். பிளான்டாரம்’ நேற்றும் ‘எல். பிளான்டாரம்’, இன்றும் அதேதான். டாக்டர், மருந்துக்கடைக்காரர், பால் பண்ணைக்காரர் எல்லோரும் குழம்பாமல் இருக்க இது செய்த உதவி பெரிது. ஆனால் ஒரே ஆய்வேட்டில் எல் எழுத்துப் பேரினங்கள் மூன்று நான்கு வந்தால் இனிஷியலை நம்பாதீர்கள், முழுப்பெயர் எழுதிவிடுங்கள்.

பெயர் வைக்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? யாராவது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கோர்ட்டுக்குப் போக முடியுமா?
(பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்)

விளையாட்டாகக் கேட்டிருக்கிறீர்களோ என்னவோ, உண்மையிலேயே கோர்ட் மாதிரி ஒன்று இருக்கிறது ஐயா.

பாக்டீரியாப் பெயர்களுக்கு என்று ஒரு சர்வதேச விதித்தொகுப்பு உண்டு. ஒரு காலத்தில் ஆளாளுக்குப் பெயர் வைத்து ஆயிரக்கணக்கில் குவிந்து, எது எதைக் குறிக்கிறது என்றே தெரியாமல் போனபோது, 1980 ஜனவரி 1-ஐ ஒரு தொடக்க நாளாக வைத்து, அங்கீகரித்த பெயர்ப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். பட்டியலில் இல்லாத பழைய பெயர்கள் சட்டப்படி காலாவதி. நிலப் பதிவேட்டை முழுக்கத் திருத்தி எழுதியது போன்ற வேலை அது. அதற்குப் பிறகு புதுப்பெயர் வைக்கிறவர் அதற்கென்றே உள்ள சர்வதேச ஆய்விதழில் அதை வெளியிட வேண்டும், அல்லது வேறு இதழில் வெளியிட்டுவிட்டு அங்கே பதிவு செய்ய வேண்டும். அந்தச் சிற்றினத்துக்கு மாதிரியாக ஓர் உயிருள்ள ஸ்ட்ரெய்னை, அதாவது ஓரிடத்தில் பிரித்தெடுத்து வளர்த்த ஒரே வம்சத்தை, இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள சேமிப்பகங்களில் ஒப்படைக்கவும் வேண்டும். பெயர் என்பது கடைசியில் அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் இருக்கும் உயிரோடு கட்டப்பட்டது. மற்ற ஸ்ட்ரெய்ன்கள் அதற்கு எவ்வளவு நெருக்கம் என்பதை வைத்துத்தான் அவை அந்தப் பெயருக்குள் வருமா வராதா என்பது முடிவாகும்.

ஆனால் ஒன்றை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த விதிகள் பெயரைத்தான் ஒழுங்குபடுத்துகின்றன. எது எதோடு சேரும் என்ற வகைப்பாட்டுக்கு அரசாங்க முத்திரை கிடையாது, அது ஆய்வாளரின் கருத்து. நாளைக்கே ஒருவர் நல்ல ஆதாரத்தோடு வேறு மாதிரிப் பிரித்தால் அதையும் பயன்படுத்தலாம். அதனால்தான் முதல் பதிலில் இரண்டு பெயரும் செல்லும் என்று சொன்னேன். 25 பேரினப் பிரிவினை நிலைத்துவிட்டதற்குக் காரணம் யாரும் உத்தரவு போட்டதில்லை, ஆதாரம் வலுவாக இருந்ததுதான்.

சரி, கோர்ட்டுக்கு வருவோம். பெயர்த் தகராறுகளைத் தீர்க்க நீதிக்குழு ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் வந்த வழக்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது கேசி வழக்கு. 1971-இல் லாக்டோபேசிலஸ் கேசிக்கு மாதிரி ஸ்ட்ரெய்னாக ஏடிசிசி என்ற அமெரிக்கச் சேமிப்பகத்தில் 393 என்ற எண்ணுள்ள ஒன்றைக் குறித்துவிட்டார்கள். டி.என்.ஏ. ஒப்பீடு வந்த பிறகு பார்த்தால், உலகம் முழுக்க சீஸிலும் தயிர்ப் பானங்களிலும் ‘கேசி’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஸ்ட்ரெய்ன்களில் பெரும்பாலானவை இந்த மாதிரியோடு ஒட்டவில்லை. வீட்டுப் பத்திரம் ஒருவர் பெயரிலும், குடியிருப்பது வேறு குடும்பமாகவும் ஆகிவிட்டது. 1989-இல் அந்தப் பெரும்பான்மைக் கூட்டத்துக்கு ‘பாராகேசி’ என்று தனிப்பெயர் வந்தது. வேறு சில ஆய்வாளர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மாதிரி ஸ்ட்ரெய்னையே மாற்றி ஏடிசிசி 334-ஐ வையுங்கள், கேசி என்ற பெயர் புழக்கத்தில் உள்ளவற்றுக்கே போகட்டும் என்று மனுப் போட்டார்கள். வருடக்கணக்கில் இழுத்து, 2008-இல் தீர்ப்பு வந்தது. விதிப்படி குறித்த மாதிரியை வசதிக்காக மாற்ற முடியாது, 393 தான் கேசி, பாராகேசி என்ற பெயரும் நிலைக்கும்.

மனுப் போட்டவர்களின் சங்கடம் எனக்குப் புரிகிறது. பழகிய பெயர் கைவிட்டுப் போவது லேசான விஷயமில்லை. இருந்தாலும் தீர்ப்பு சரி என்றுதான் சொல்வேன். ஒரு தடவை வசதிக்காக வளைத்தால் அப்புறம் எந்தப் பெயரையும் நம்ப முடியாது. யாகுல்ட் குடிப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஜப்பானில் மினோரு ஷிரோட்டா 1930-இல் தேர்ந்தெடுத்து, 1935-இல் பானமாக விற்பனைக்கு வந்த அந்த பாக்டீரியாவை ‘கேசி ஷிரோட்டா’ என்றே காலங்காலமாகச் சொல்லி வந்தோம். இப்போது அதன் பெயர் லாக்டிகேசிபேசிலஸ் பாராகேசி, ஷிரோட்டா ஸ்ட்ரெய்ன். பாட்டிலுக்குள் இருப்பது அதே உயிர்தான்.

இட்லி மாவு அரைத்து விற்கும் சின்னத் தொழில் செய்கிறோம். மாவைப் பொங்க வைப்பது ஈஸ்ட் என்று ஒருவர் சொல்கிறார், பாக்டீரியா என்று இன்னொருவர். பழைய கட்டுரை ஒன்றில் ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஃபீக்காலிஸ்’ என்று படித்துப் பயந்துவிட்டேன். அது மலக்கிருமி இல்லையா?
(வாசகி, மதுரை)

மாவைப் பொங்க வைக்கும் முக்கியமான ஆள் பாக்டீரியாதான் அம்மா, லியூகோநாஸ்டாக் மெசன்டெராய்டிஸ். நீங்கள் படித்தது 1965-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வாக இருக்க வேண்டும். இட்லி மாவைப் பற்றி அந்தக் காலத்திலேயே அக்கறையாகச் செய்த வேலை. அரிசியிலும் உளுந்திலும் இயற்கையாகவே ஒட்டியிருக்கும் லியூகோநாஸ்டாக் முதலில் பெருகி, கரியமில வாயுவை விட்டு மாவை எழுப்புகிறது என்று அதில் காட்டினார்கள். அதற்கடுத்துப் பெருகுபவையாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஃபீக்காலிஸையும், அப்புறம் பீடியோகாக்கஸ் செரிவிசியேவையும் குறிப்பிட்டார்கள். இவை புளிப்பைக் கூட்டுபவை.

அந்தக் கட்டுரையை இன்றைய பெயர்களில் வாசித்தால்தான் சரியாகப் புரியும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஃபீக்காலிஸ் 1984-இல் தனிப் பேரினத்துக்குப் போய் என்டெரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் ஆனது. நீங்கள் சொன்னது போல அது மனிதக் குடலில் வாழ்வது, பெயரும் அதிலிருந்துதான் வந்தது. ஆனால் செடிகளிலும் தானியங்களிலும் உணவிலும் இந்த வகை சாதாரணமாகக் கிடைக்கும். ஆஸ்பத்திரிகளில் தொற்று உண்டாக்கும் ஸ்ட்ரெய்ன்களும் இதே சிற்றினத்தில் உண்டு என்பதால் இதை நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரே வார்த்தையில் சொல்ல மாட்டேன். பீடியோகாக்கஸ் செரிவிசியே என்ற பெயர் இன்று கிடையாது. பலரும் பல பாக்டீரியாக்களை அந்த ஒரே பெயரில் எழுதிக் குழம்பியதால் அதைக் கைவிட்டார்கள். பழைய உணவு ஆய்வுகளில் அந்தப் பெயரில் வருபவை பெரும்பாலும் இன்றைய பீடியோகாக்கஸ் பென்டோசேசியஸ் அல்லது அசிடிலாக்டிசி.

லியூகோநாஸ்டாக்கும் கூட்டுக்குடும்பமாக இருந்து பிரிந்ததுதான். 1878-இல் வான் டீகெம் வைத்த பெயர் அது. 1993-இல் அதன் ஒரு கிளையையும், லாக்டோபேசிலஸ் என்று நினைத்திருந்த சிலவற்றையும் எடுத்து, நார்பர்ட் வைஸ் என்ற ஜெர்மன் நுண்ணுயிரியலாளரின் பெயரால் வைஸெல்லா என்று ஒரு பேரினம் உண்டாக்கினார்கள். வைஸெல்லாவையும் இட்லி மாவிலிருந்து பிரித்தெடுத்திருக்கிறார்கள். 1993-க்கு முன் எழுதிய கட்டுரையில் வைஸெல்லா இல்லை என்றால் மாவில் அது இல்லை என்று அர்த்தமாகாது, அப்போது அந்தப் பெயரே பிறக்கவில்லை. பழைய கட்டுரைகளைப் படிக்கும் மாணவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஈஸ்ட்டும் மாவில் இருக்கும், மணத்துக்கும் மாவு பொங்குவதற்கும் அதன் பங்கும் கொஞ்சம் உண்டு. மாவு நன்றாகப் பொங்கவில்லை என்றால் பெயரைப் பற்றிக் கவலைப்படாமல் உளுந்தைப் பாருங்கள். வாயுவைப் பிடித்து வைப்பது உளுந்தின் பசைதான்.

மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வயிற்றுப்போக்குக்கும், ஆன்டிபயாட்டிக்கோடும் கொடுக்கும் கேப்ஸ்யூல்களில் ‘லாக்டோபேசிலஸ் ஸ்போரோஜீன்ஸ்’ என்று போட்டிருக்கிறது. அதை ஃபிரிட்ஜில் வைக்கவே வேண்டாம் என்கிறார்கள். இது எந்த லாக்டோபேசிலஸ்?
(வாசகர், விழுப்புரம்)

லாக்டோபேசிலஸே இல்லை! இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகவும் சந்தோஷம், ஏனென்றால் நம் நாட்டு மருந்துக்கடைகளில் இந்தப் பெயர் இன்னமும் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது.

லாக்டோபேசிலஸ் எதுவும் ஸ்போர் உண்டாக்காது. ஸ்போரோஜீன்ஸ் என்றாலே ஸ்போர் உண்டாக்குவது என்று பொருள். அதனால் அந்த இரண்டு வார்த்தையும் சேர்ந்து நிற்கவே முடியாது. இதன் கதை இப்படி: 1915-இல் அமெரிக்காவின் அயோவாவில், டப்பாவில் அடைத்த சுண்டக் காய்ச்சிய பால் திரிந்துபோனது. அதற்குக் காரணமான பாக்டீரியாவை ஹாமர் என்பவர் கண்டுபிடித்து, பாலைத் திரிய வைப்பதால் பேசிலஸ் கோயாகுலன்ஸ் என்று பெயர் வைத்தார். 1930-களில் வேறு இருவர் அதே வகைப் பாக்டீரியாவைக் கண்டு, லாக்டிக் அமிலம் தருகிறதே என்று லாக்டோபேசிலஸ் ஸ்போரோஜீன்ஸ் என்று பெயர் சூட்டினார்கள். இரண்டும் ஒன்றே என்று 1950-களிலேயே தெளிவாகிவிட்டது, முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை. ஆனால் வியாபாரத்தில் பிந்திய பெயர் ஒட்டிக்கொண்டது.

அதற்கப்புறமும் அந்தப் பாக்டீரியா ஓரிடத்தில் நிற்கவில்லை. 2020-இல் பேசிலஸ் பேரினத்தையும் இதே போலப் பிரித்தபோது வைஸ்மான்னியா கோயாகுலன்ஸ் ஆனது, 2023-இல் ஹேன்ட்ரிக்சியா கோயாகுலன்ஸ் என்று ஆகியிருக்கிறது. மூன்று பெயரில் எதைப் பார்த்தாலும் ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம் என்பது சரிதான். ஸ்போர் என்பது கெட்டியான ஓட்டுக்குள் உறங்கும் நிலை, அறைச் சூட்டையும் வயிற்று அமிலத்தையும் தாங்கும். உண்மையான லாக்டோபேசிலஸ் கேப்ஸ்யூலுக்கு அந்த வசதி இல்லை, அதன் பெட்டியில் போட்டிருக்கும் சேமிப்புக் குறிப்பைக் கட்டாயம் பாருங்கள்.

தவறான பெயரோடு விற்பதால் மருந்து வேலை செய்யாது என்று அர்த்தம் இல்லை. ஆனாலும் உள்ளே இருப்பதன் பெயரைச் சரியாகப் போடுவது விற்பவரின் கடமை, வாங்குகிறவருக்கு அது தெரிய வேண்டும். பெயருக்குப் பின்னால் எழுத்தும் எண்ணுமாக ஒரு ஸ்ட்ரெய்ன் அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு சிற்றினத்துக்குள்ளேயே ஸ்ட்ரெய்னுக்கு ஸ்ட்ரெய்ன் குணம் மாறும். ராம்னோசஸ் என்ற சிற்றினத்தின் ஜிஜி ஸ்ட்ரெய்னைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதைப் பிரித்தெடுத்த கோர்பாக், கோல்டின் என்ற இருவரின் முதல் எழுத்துகள்தான் அந்த ஜிஜி. அந்த ஸ்ட்ரெய்னில் செய்த ஆய்வின் பலனை வேறொரு ராம்னோசஸுக்குப் பொருத்திப் பேசக் கூடாது.

பிஃபிடோபாக்டீரியமும் லாக்டிக் அமில பாக்டீரியாதானே?
(வாசகர், கோயம்புத்தூர்)

வேலையில் கிட்டத்தட்ட ஆமாம், உறவில் இல்லை. 1899-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் டிஸ்ஸியே தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலத்தில் இதைக் கண்டார். பிறகு நெடுங்காலம் ‘லாக்டோபேசிலஸ் பிஃபிடஸ்’ என்றே புத்தகங்களில் இருந்தது. லாக்டிக் அமிலத்தைவிட அசிட்டிக் அமிலத்தையே அதிகம் தரும், சர்க்கரையை உடைக்கும் வழியும் வேறு. பேரினத்துக்கு வெகு மேலே உள்ள ‘தொகுதி’ என்ற பெரும்பிரிவு அளவிலேயே இது ஆக்டினோமைசிட்டோட்டாவில் இருக்கிறது, லாக்டோபேசிலஸ் பேசில்லோட்டாவில். மனிதருக்கும் நண்டுக்கும் உள்ள தூரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கு யோகர்ட் வாங்கினேன். டப்பாவில் ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ்’ என்று இருந்தது. போன மாதம்தான் அவனுக்கு ஸ்ட்ரெப் தொண்டைப் புண் என்று டாக்டர் மருந்து கொடுத்தார். கொடுக்கலாமா? வீட்டுத் தயிரிலும் அது இருக்குமா?
(இளம் தாய், சென்னை)

பயப்படாமல் கொடுங்கள். தொண்டைப் புண் தருவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ், யோகர்ட்டில் இருப்பது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ். பேரினம் ஒன்று, ஆள் வேறு.

இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை, ஆய்வாளர்களுக்கே இருந்தது. சங்கிலிச் சங்கிலியாகத் தெரியும் உருண்டை பாக்டீரியா எல்லாவற்றையும் ஒரு காலத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றே போட்டு வைத்திருந்தார்கள், நோய்க்கிருமியும் பால் புளிக்க வைப்பதும் ஒரே வீட்டில். 1937-இல் ஷெர்மன் அவற்றைச் சீழ் உண்டாக்குபவை, விரிடன்ஸ், பால் வகை, குடல் வகை என்று நான்காகப் பிரித்துக் காட்டினார். டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஒப்பீடுகள் வந்தபோது அவர் பார்வை பெரிதும் சரியாகவே இருந்தது. 1980-களின் நடுவில் குடல் வகை என்டெரோகாக்கஸாகவும், பால் வகை லாக்டோகாக்கஸாகவும் தனியாகப் போய்விட்டன. தெர்மோஃபிலஸ் மட்டும் போகவில்லை, ஏனென்றால் அது நிஜமாகவே ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான், நம் வாயில் வாழும் சாலிவேரியஸுக்கு நெருங்கிய சொந்தம். 1984-இல் சாலிவேரியஸின் துணைச்சிற்றினம் என்றுகூட ஆக்கிப் பார்த்தார்கள், 1991-இல் மறுபடி தனிச் சிற்றினமாக மீட்டார்கள். 2004-இல் அதன் மரபுத்தொகுதியைப் படித்தபோது, ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மரபணுக்கள் செயலிழந்து கிடந்தன. பாலிலேயே வாழ்ந்து வாழ்ந்து, நோய்க்கிருமி உறவுகள் உடம்புக்குள் ஒட்டிக்கொள்ளப் பயன்படுத்தும் ஆயுதங்களில் பலவற்றை அது இழந்துவிட்டது.

வீட்டுத் தயிருக்கு வருவோம். யோகர்ட் என்று பெயர் போட வேண்டுமானால் தெர்மோஃபிலஸும், டெல்புரூக்கியின் துணைச்சிற்றினமான பல்காரிகஸும் இருக்க வேண்டும். இந்த பல்காரிகஸை 1905-இல் ஜெனீவாவில் படித்துக்கொண்டிருந்த கிரிகோரொவ் என்ற பல்கேரிய மாணவர் தன் ஊர்த் தயிரிலிருந்து கண்டுபிடித்தார். நம் வீட்டுப் புரைமோருக்கு அப்படிக் கட்டுப்பாடு கிடையாது. லாக்டோகாக்கஸ் லாக்டிஸ், லியூகோநாஸ்டாக், லாக்டோபேசிலஸ் வகைகள், சில நேரம் தெர்மோஃபிலஸும் என்று வீட்டுக்கு வீடு கூட்டம் மாறும். பாட்டி வீட்டுப் புரைமோரைக் கேட்டு வாங்கி வந்து ஊற்றினால் தயிரின் ருசியும் கூடவே வருவது இதனால்தான். லாக்டோகாக்கஸ் லாக்டிஸை லிஸ்டர் 1870-களில் பாலிலிருந்து தனியாகப் பிரித்தார், ஒரு பாக்டீரியாவைக் கலப்பில்லாமல் வளர்த்த முதல் முயற்சிகளில் ஒன்று அது. காயத்துக்குக் கிருமிநாசினி போடச் சொல்லிக் கொடுத்த அதே டாக்டர் லிஸ்டர்தான்.

பாக்டீரியாப் பெயர்களில் பல்கேரியா இருக்கிறது, சுவிட்சர்லாந்து இருக்கிறது, சான்ஃபிரான்சிஸ்கோகூட இருக்கிறதாமே. நம் ஊர்ப் பெயர் வைக்க முடியாதா?
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

தாராளமாக வைக்கலாம். ஊர்ப் பெயரோடு ‘என்சிஸ்’ என்று லத்தீன் விகுதி சேர்ப்பது வழக்கம். இலக்கணம் தவறினால் திருத்திவிடுவார்கள். நீங்கள் சொன்ன சான்ஃபிரான்சிஸ்கோ புளித்த ரொட்டி மாவு பாக்டீரியாவுக்கு 1984-இல் லாக்டோபேசிலஸ் சான்ஃபிரான்சிஸ்கோ என்று ஊர்ப் பெயரை அப்படியே வைத்திருந்தார்கள். அது லத்தீன் ஆகாது என்று 1997-இல் சான்ஃபிரான்சிஸ்சென்சிஸ் என்று திருத்தினார்கள். 2020-க்குப் பிறகு முழுப்பெயர் ஃப்ரக்டிலாக்டோபேசிலஸ் சான்ஃபிரான்சிஸ்சென்சிஸ், வகுப்பில் மூச்சு வாங்கித்தான் சொல்ல வேண்டும். அதே 1997 திருத்தத்தில்தான் ஜப்பானியச் சாகே மதுவிலிருந்து வந்த ‘சாகே’ என்ற சிற்றினப் பெயரும் ‘சாகேயி’ ஆனது. பெயர் வைக்கிறவர் தன் பெயரையே வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் அறிவுரை உண்டு.

நம் ஊர்ப் பெயர் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது தெரியுமா? ஆக்டினோமதுரா மதுரே. அந்த மதுரே நம் மதுரைதான். வெறும் காலோடு வயலில் நடப்பவர்களுக்கு முள் குத்தி, வருடக்கணக்கில் பாதம் வீங்கிப் புண்ணாகும் நோயை 1840-களில் மதுரையில் இருந்த வெள்ளைக்கார டாக்டர் எழுதி வைத்தார், அதற்கு மதுராப் பாதம் என்றே பெயர் வந்தது. அதை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் ஒன்றுக்கு 1894-இல் வின்சென்ட் ஊர்ப் பெயரை வைத்தார். லாக்டிக் அமிலக் கூட்டத்தைச் சேர்ந்தது இல்லை, பிஃபிடோபாக்டீரியம் இருக்கிறதே, அந்தத் தொகுதி. ஒரு நோயின் வழியாக ஊர்ப் பெயர் ஏறியது எனக்கு வருத்தம்தான்.

அதனால் உங்களைப் போன்றவர்கள் நல்ல வழியில் ஒரு பெயரை ஏற்ற வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பதநீர், பழையசோற்று நீராகாரம், ஆப்ப மாவு, கருவாடு என்று நம்மிடம் புளிப்பும் நொதிப்பும் எவ்வளவோ இருக்கின்றன. பிரித்தெடுத்த பாக்டீரியாவின் 16எஸ் மரபணுவை, அதாவது பாக்டீரியாக்களை அடையாளம் காணப் பயன்படும், சுமார் 1,500 எழுத்துள்ள அந்தத் துண்டைத் தெரிந்த சிற்றினங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 98.7 சதவீதத்துக்குக் கீழே வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். மேலே வந்தாலும் விட்டுவிடாதீர்கள், பிளான்டாரத்தையும் அதன் நெருங்கிய உறவுகளையும் 16எஸ் பிரித்துக் காட்டாது. முழு மரபுத்தொகுதியைப் படித்து, நெருங்கிய சிற்றினத்தின் மாதிரி ஸ்ட்ரெய்னோடு சராசரி ஒற்றுமை 95 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் புதுசு. உடனே இரண்டு குப்பிகளில் போட்டு, ஒன்றைச் சண்டிகரில் உள்ள சேமிப்பகத்துக்கும் இன்னொன்றை வெளிநாட்டுச் சேமிப்பகம் ஒன்றுக்கும் அனுப்பும் வேலையைத் தொடங்குங்கள், காகித வேலைக்கே பல மாதம் ஆகும்.